ஏழு மணி மாத்திரையும் உளுந்தங்கஞ்சியும்

1.2.2025, சனிக்கிழமை. தை 19. மாலை 5.35.
குறிப்பு எண் 1: அம்மா வந்து சேர்ந்தது.

காலையில் கடும் பனி. ஒன்பது மணி வரை எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரியவில்லை. பிறகு சுள்ளென்று வெயில்.

10.40க்குத் தம்பி முருகேசன் ஆட்டோவில் அம்மாவைக் கொண்டுவந்தான். ஒரு மாதம் அவன் வீடு, ஒரு மாதம் என் வீடு; அப்பா காலமானதிலிருந்து இதுவே முறை. ஜனவரி அவனுடையது. பிப்ரவரி என்னுடையது.

நான் சக்கர நாற்காலியை வாசலில் தயாராக வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. தம்பியின் முழங்கையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு கேட்டிலிருந்து கட்டில் வரை நடந்தாள். பதினேழு எட்டு வைத்தாள். எண்பத்தெட்டு வயது, பார்க்கின்சன் என்று தெரிந்து மூன்றாம் ஆண்டு. டிசம்பரில் இதே வீட்டில், இதே தளத்தில், நான்கு எட்டுக்கு மேல் வைக்கவில்லை. என் பதிவேட்டில் இருக்கிறது.

கோமதி (என் மனைவி) வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நீங்க எண்ணி முடிக்கதுக்குள்ள அத்த கட்டில்ல போயி உக்காந்துட்டாவ" என்றாள்.

தம்பி பெருமைக்காரனைப்போலச் சிரித்தான். "எல்லாம் செல்லத்தாயி பாத்துக்கிடுதா" என்றான். செல்லத்தாய் அவன் மனைவி. ஐந்தாம் வகுப்பு. வீட்டில் ஓடும் கடிகாரம் ஒன்று கிடையாது.

ஒன்றைக் குறித்துவைக்கிறேன். அம்மா தம்பியிடம் ஆண்டுக்கு 184 நாள், என்னிடம் 181. பிப்ரவரி என் தலையில் விழுந்ததால் இந்தக் குறைவு. இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

3.2.2025, திங்கட்கிழமை. பகல் 2.10.
குறிப்பு எண் 2: ஒழுங்கு.

சுவர் அட்டவணையைப் புதிதாக எழுதி ஒட்டினேன்.

மா. (மாத்திரை) 7.00: பால் ஊற்றிய கருப்பு உளுந்தங்கஞ்சியுடன்.
மா. 12.00: பருப்புச் சோற்றின் முதல் கவளத்துடன்.
மா. 6.00: பால், பாசிப்பயறுச் சுண்டல்.

வீரியமான மாத்திரை வெறும் வயிற்றில் இறங்கினால் குடல் புண்ணாகும். உளுந்தோ நரம்புக்கும் இடுப்புக்கும் பலம். இரண்டையும் ஒரே வேளையில் இணைத்தது என் யோசனை. மூன்று வேளையும் நிமிடம் பிசகுவதில்லை. முப்பத்து நான்கு ஆண்டு அலுவலகப் பதிவறையில் இருந்தவனுக்கு இது பெரிய காரியமன்று.

சென்ற முறைகளில் செய்து பார்த்தவை: அமுக்கராப் பொடி (14 நாள், பலன் இல்லை). பாதத்தில் நல்லெண்ணெய் (21 நாள், அம்மாவுக்குப் பிடித்திருந்தது, வேறு பலன் இல்லை). கோதுமைப்புல் சாறு (2 நாள், துப்பிவிட்டாள்). காந்த வளையல் (காணாமற்போனது, கோமதியிடம் ஐயம்). விரல் முத்திரைகள் (அம்மாவின் விரல்கள் எந்த முத்திரையிலும் நிற்பதில்லை).

இன்று காலை நடை: ஒன்பது எட்டு. மலம்: இல்லை, இரண்டாம் நாள்.

5.2.2025, புதன். காலை 11.00.
குறிப்பு எண் 3.

வானம் வெளுப்பு. காற்று இல்லை.

8.30க்குக் குளியலறை வாசலில் அம்மாவின் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னே சாய்கிறது, கால் வரவில்லை. பிடித்துக்கொண்டே நின்றேன். ஆறு நிமிடம். தரையில் சாக்குக்கட்டியால் கோடுகள் போட்டேன். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும்பும் என்று படித்திருந்தேன். மூன்று கோடு தாண்டினாள். நான்காவதில் மீண்டும்.

"செல்லத்தாயி இருந்தா இந்நேரம் கொண்டு போயிருப்பா" என்றாள். குரல் மிக மெல்லியது. ஆனால் நன்றாகக் கேட்டது.

10.15க்கு அதே செல்லத்தாயிடமிருந்து தொலைபேசி. நான் அடுத்த அறையில் செய்தித்தாள் மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது. என்னிடம் "ம்", "வேண்டாம்" இரண்டு சொல்லோடு முடித்துக்கொள்ளும் அம்மா, அவளிடம் முழு வாக்கியங்களாகப் பேசினாள்.

"இங்கன உளுந்தங்கஞ்சி ஊத்தியே கொல்லுதான்டி... இல்லட்டி, நல்ல பிள்ளதான். கைக்கடியாரம் கட்டுன பிள்ள. மணியப் பாக்குத மாதிரி என்னைய எங்க பாக்கான்... ஏட்டி, கன்னுக்குட்டி எந்திரிச்சு நிக்கா?"

பிறகு சிரித்தாள். அந்த நோயில் முகம் இறுகிவிடும், சிரிப்பு வராது என்று நான் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

கன்றுக்குட்டியை விசாரிக்கிறாள். என் சர்க்கரை அளவை விசாரித்து எத்தனை மாதம்.

6.2.2025, வியாழன். மாலை 4.20.
குறிப்பு எண் 4: தம்பியின் பேச்சு.

தம்பி அழைத்தான். சுற்றி வளைத்தான். மழை பெய்யாத கதை, உளுந்து காய் பிடித்த கதை. கடைசியில்:

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது. அம்மா இனி இங்கனயே இருக்கட்டுமே. அலைக்கழிக்க வேண்டாம்னு பாக்கேன். இங்கன இருந்தா கொஞ்சம் நடக்காவ."

"யோசித்துச் சொல்லுகிறேன்" என்றேன். வைத்துவிட்டேன்.

செய்தித்தாளை எட்டாக மடித்தேன். கோபம்.

மூத்தவன் நான். வாசிப்பவன், குறிப்பவன், மருத்துவரைத் தேடிப் பிடித்தவன் நான். அங்கே சாணி மெழுகிய தரையில் கம்பங்கூழைக் குடித்துவிட்டு அம்மா நடக்கிறாள். இங்கே பளிங்குத் தரையில் நிற்கிறாள். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது. செ. (செல்லத்தாய்) எதையோ கலந்து கொடுக்கிறாள். பூனைக்காலிப் பொடியாக இருக்கலாம். நடுக்கத்துக்கு அதுதான் மருந்து என்று கைப்பேசியில் நாளுக்கு நான்கு பேர் பேசுகிறார்கள்.

கொடுக்கட்டும். ஆனால் என்னிடம் மறைப்பானேன்?

7.2.2025, வெள்ளி. பகல் 12.05.
குறிப்பு எண் 5: விசாரணை.

10.20க்கு நாட்டு மருந்துக்கடை. மூன்று தலைமுறையாக நடத்தும் பாய், தம்பி வீட்டாருக்கும் பழக்கம். நேரடியாகக் கேட்கவில்லை. கடுக்காய் வாங்கினேன், பூனைக்காலி நல்ல சரக்கு இருக்கிறதா என்றேன்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"அம்மாவுக்கு."

"இங்கிலீசு மாத்திரை சாப்பிடுதாவல்ல? அப்பம் நான் தர மாட்டேன். மாத்திரையில உள்ளதுதான் இதுலயும் இருக்குங்காவ. ரெண்டும் சேந்தா ரெட்டிப்பா ஏறிரும். டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. உங்க தம்பி வீட்டம்மாட்டயும் இதத்தான் சொன்னேன்."

நான் எதிர்பார்த்த வாசல் தானாகத் திறந்தது. "எப்போது வந்தாள்?"

"கார்த்திகையில. வந்தாவ, கேட்டாவ, நான் சொன்னதும் சரின்னு போயிட்டாவ. அப்புறம் வரல."

வரவில்லை என்றால் வேறு கடையில் வாங்கியிருக்கிறாள். நானும் வேறு கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், எதையும் கேட்காமல் கொடுத்தார்கள். நூறு கிராம். என் மேசை இழுப்பறையில், பழைய அடையாள அட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கோமதிக்குத் தெரியாது.

எத்தனை கரண்டி என்று தெரியாமல் கொடுப்பதற்கில்லை. அளவை அவளிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிறன்று அறிவிக்காமல் போவேன்.

அம்மா இன்று: ஐந்து எட்டு. அதுவும் என் தோளில் முழுக் கனத்தையும் போட்டு.

9.2.2025, ஞாயிறு. மாலை 6.15.
குறிப்பு எண் 6: நேரில் கண்டது.

காலை 5.20 பேருந்து, எட்டயபுரத்தில் மாறி, தம்பியின் ஊருக்கு முதல் பேருந்தில் 6.30க்கு இறங்கினேன். வழி நெடுகக் கரிசல் காடு. உளுந்துச் செடி பழுத்து நிற்கிறது. சிலர் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். செருப்பில் மண் ஒட்டியது. தேய்த்துத் தேய்த்தும் போகவில்லை.

செ. முற்றம் தெளித்துக்கொண்டிருந்தாள். "வாங்கத்தான். அத்தைக்கு என்ன செய்யுது?" என்று வாளியைக் கீழே போட்டாள். முகம் வெளிறிவிட்டது. ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. சும்மா வந்தவன் என்று என்னை யார் நம்புவார்கள்.

தம்பி காட்டுக்குப் போயிருந்தான். நல்லதாகப் போயிற்று. கேட்டேன்: அம்மாவுக்கு நீ என்ன கொடுக்கிறாய்?

"என்னத்தக் கொடுக்கேன். நீங்க சீட்டு எழுதி அனுப்புத மாத்திரைதான்."

"வேறு?"

"வேற ஒண்ணும் இல்ல. பூனைக்காலி கேட்டுப் போனேன், பாய் வேண்டாம்னுட்டாவ."

"எத்தனை மணிக்கு?"

அவள் சிரித்தாள். கேலி இல்லை, என்னிடம் அப்படித்தான் பேச வரும் போலிருக்கிறது. "மணி எனக்கு எங்க தெரியும். மொத பஸ்ஸு வந்து திரும்பும்பம் மாத்திரையும் ஒரு செம்புத் தண்ணியும். அப்புறம் நான் மாட்டக் கட்டிட்டு, காட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வருவேன். ரெண்டாம் பஸ்ஸு சத்தம் கேட்டாக் கஞ்சி ஊத்துவேன். அதுக்குள்ள அத்த சுளகுல பயறு பொறுக்கி வச்சிருப்பாவ. கை ஆடுனாலும் கல்லு தப்பாது."

"மாத்திரையோடு உணவு கிடையாதா?"

"அது கூடாதுன்னுல்ல சொன்னாவ. கம்பங்கஞ்சியோ சோறும் ரசமுமோ கீரையோதான் பகல்ல. பருப்பு, பாலு, முட்டை, உளுந்து எல்லாம் ராத்திரிக்கு. ஊறவச்ச திராட்சையும் தண்ணியும் நெறய. வயிறு கெட்டியாப் போனா மாத்திரையும் ஏறாதாம்."

"யார் சொன்னது?"

"ஆசுபத்திரி நர்சம்மா. இந்த மாத்திரைய மொத நாளு எழுதுனாவல்ல, அன்னைக்கி. நான்தான அத்தை கூட உள்ள போனேன். நீங்க வெளிய டோக்கன்காரன்கூடச் சண்ட போட்டுக்கிட்டு நின்னீங்க, நமக்கு முந்தி எப்படி வேற ஆள விட்டன்னு. காருல வரும்பம் உங்ககிட்டச் சொன்னேனே அத்தான்."

இரண்டாம் பேருந்தின் சத்தம் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் பேருந்து திரும்பியதிலிருந்து ஐம்பத்தைந்து நிமிடம்.

எனக்கும் கஞ்சி ஊற்றினாள். கம்பங்கஞ்சி, சின்ன வெங்காயம். குடித்தேன். நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

1.40க்கு வீடு. உடனே சென்ற ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். மருத்துவமனைக்குச் சென்றது 19.8.2024, திங்கட்கிழமை. ஒரு பக்கம் முழுவதும் டோக்கன் எண் 14க்கு முன்னால் 17 அழைக்கப்பட்ட அநியாயம். கடைசியில், ஓரத்தில், என் கையெழுத்தில்:

"திரும்பும் வழியில் செ. ஏதோ வெறும் வயிறு, பருப்பு கூடாது என்று உளறினாள். கவனிக்கத் தேவையில்லை."

ஆகஸ்டில் மீதிப் பன்னிரண்டு நாள், அக்டோபர் முப்பத்தொன்று, டிசம்பர் முப்பத்தொன்று, இந்த மாதம் ஒன்பது. எண்பத்து மூன்று நாள், வேளைக்கு வேளை, நிமிடம் பிசகாமல்.

11.2.2025, செவ்வாய். காலை 11.30.
குறிப்பு எண் 7.

நேற்று எதுவும் எழுதவில்லை.

இன்று மருத்துவமனைக்குத் தொலைபேசி. அவள் சொன்னதை நம்பாததால் அல்ல. உறுதி செய்யாமல் நேரத்தை மாற்றுவது முறையன்று. (கொஞ்சம் நம்பாமலும்தான்.)

அதே நர்ஸ். பொறுமையாகச் சொன்னார். "பருப்பு, பால்ல உள்ள புரதமும் இந்த மாத்திரையும் உள்ள போறதுக்குப் போட்டி போடும் சார். சிலருக்கு மாத்திரை பின்னால நின்னுரும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னாடி வெறும் தண்ணியில கொடுங்க. புரதத்த நிறுத்திராதீங்க, எடை குறைஞ்சிரும். ராத்திரிக்கு மாத்துங்க. குமட்டுச்சுன்னா போன் பண்ணுங்க."

பூனைக்காலியைக் கேட்டேன். பாய் சொன்னதையே சொன்னார். மருத்துவர் பார்க்காமல் சேர்த்தால் கைகால் தானாக முறுக்கும், இல்லாதது கண்ணில் தெரியும், அம்மா வயதில் அபாயம்.

இழுப்பறையைப் பூட்டினேன்.

"அன்னைக்கே அந்த அம்மாகிட்டச் சொல்லி அனுப்பினோமே சார்" என்றும் சொன்னார். வைத்துவிட்டேன்.

கோமதி கதவருகே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். "அப்பம் அவ சொன்னது சரிதான்?" என்றாள். செய்தித்தாளைத் தேடினேன்.

13.2.2025, வியாழன். மாசி 1. காலை 10.00.
குறிப்பு எண் 8: புதிய ஒழுங்கு, முதல் நாள்.

பழைய அட்டவணையைக் கிழித்தேன். சுவரில் சுண்ணாம்பும் கொஞ்சம் வந்துவிட்டது.

7.00 மா., தண்ணீர். அம்மா கஞ்சிக்காக வாயைத் திறந்தபடியே இருந்தாள். இல்லை என்றதும் என்னைப் பார்த்தாள்.

7.20: "பசிக்குதுலே." 7.31: "ஏலே, பசிக்கு." 7.40: முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐம்பது நிமிடம் ஒரு கிழவியைப் பட்டினி போட்டு எதிரில் உட்கார்ந்திருப்பது என்னால் ஆகாத காரியம். செ.க்கு எப்படி முடிகிறது? அவள் உட்கார்ந்திருப்பதில்லை. காட்டுக்குப் போய்விடுகிறாள். அம்மாவிடம் சுளகைக் (முறத்தைக்) கொடுத்துவிட்டுப் போகிறாள்.

கோமதியிடம் சுளகு கேட்டேன். "சுளகா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு எடுத்து வந்தாள். ஒரு படி பாசிப்பயறு கொட்டினோம்.

7.55 கம்பங்கஞ்சி. 8.40க்கு நடை: எட்டு எட்டு.

16.2.2025, ஞாயிறு. காலை 9.30.
குறிப்பு எண் 9.

லேசான மூடுபனி. வெயில் ஏறுகிறது.

இன்று இருபத்து மூன்று எட்டு. கட்டிலிலிருந்து வாசல்; வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள்; திரும்பினாள். சாக்குக்கட்டிக் கோடுகளை மிதித்துக்கொண்டே போனாள், அவை இருப்பது தெரியாதவளைப்போல. கைத்தாங்கல்: ஒரு விரல். என் முழங்கை.

உட்கார்ந்ததும் கேட்டாள்: "செல்லத்தாயி சொல்லித் தந்தாளாக்கும்?"

"இல்லை. டாக்டர் சொன்னார்" என்றேன்.

சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். "டாக்டரு சொன்னா நீ எந்தக் காலத்துல கேட்ட" என்றாள்.

அறுபத்தொன்பது வயதில் பெற்ற தாயிடம் பொய். அதுவும் அவள் நடந்த அன்றைக்கு. இந்தக் குறிப்பேட்டில் இதுவரை பொய் எழுதியதில்லை, எனவே இதை எழுதுகிறேன்: இருபத்து மூன்று எட்டும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகச் சொன்னேன்.

18.2.2025, செவ்வாய். காலை 8.50.
குறிப்பு எண் 10: கடிதம்.

வானம் தெளிவு. அம்மா பயறு பொறுக்குகிறாள். இன்று இருபத்தாறு.

தம்பி நேற்று மீண்டும் அழைத்தான்: "என்னண்ணே முடிவு பண்ணீங்க?" எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். அவனுக்கு அல்ல, அவன் மனைவிக்கு. ஆறு ஆண்டு முறை நடந்தும் அவளுக்கு ஒரு வரி நான் எழுதியதில்லை. 'திருமதி' என்று தொடங்கி அடித்தேன். 'அன்புள்ள' என்று தொடங்கி அதையும் அடித்தேன். கடைசியில்:

"செல்லத்தாய்க்கு,

19.8.2024 அன்று காரில் நீ சொன்னது சரி. நான் கேட்கவில்லை. அதனால் அம்மா என் வீட்டில் பிப்ரவரி 12 வரை எண்பத்தாறு நாள் சரியாக நடக்காமல் இருந்தாள். பிப்ரவரி 13 முதல் நீ செய்வதைப்போலச் செய்கிறேன், நடக்கிறாள். இதை அம்மாவிடம் நேற்று மாலை ஒப்புக்கொண்டேன். 'தெரியும்லே' என்றாள்.

அம்மா இனி உங்களிடமே இருக்கட்டும் என்று தம்பி கேட்கிறான். அம்மா எவரிடம் எவ்வளவு நாள் என்பதை இனி நீ முடிவு செய். தம்பியும் நானும் கட்டுப்படுவோம். ஆனால் முறை தொடரும் என்று நீ சொல்வாயானால், ஆண்டுக்கு மூன்று நாள் எனக்குக் குறைகிறது. மார்ச் 1, 2, 3 தேதிகளில் அம்மா இங்கே இருக்க அனுமதி கேட்கிறேன். 4ஆம் தேதி காலை நானே அழைத்து வருவேன். முதல் பேருந்துக்கு முன் மாத்திரை கொடுத்துவிடுவேன்."

படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன்; ஒப்புகைச் சீட்டும் கேட்டிருக்கிறேன்.

இணைப்பு:
1. நடை அட்டவணை, 13.2.2025 முதல் 18.2.2025 வரை.
2. மார்ச் மாத மாத்திரைச் சீட்டு.
3. பூனைக்காலிப் பொடி, நூறு கிராம், பிரிக்காதது. பாயிடம் கொடுத்துவிடவும். என் வீட்டில் இருக்க வேண்டாம்.
4. 19.8.2024 நாட்குறிப்புப் பக்கம், அசல். நகல் என்னிடம் இல்லை.